வியாதிக்காரரின் பாயருகே: அர்ச். யோசேப்பு வாஸ் சுவாமியார்



வருகிற ஜனவரி 16-ந் தேதி, நம் ஊர்களில் மாடுகளுக்குக் கொம்பு சீவி வர்ணம் பூசுகிற பொங்கல் நாட்களை ஒட்டி, ஒரு பெரிய அர்ச்சியசிஷ்டவரின் திருநாள் ஓசையின்றி வந்துபோகும். இலங்கையின் அப்போஸ்தலர் என்று பேர்பெற்ற அர்ச். யோசேப்பு வாஸ் சுவாமியாரே அவர். யோசேப்பு என்பது நம் சூசையப்பரின் பெயர்தான். சேசுநாதரும் தேவமாதாவும் அருகிலிருக்க உயிர்விட்டவர் என்பதால் சூசையப்பரை நல்மரணத்துக்குப் பாதுகாவலர் என்று திருச்சபை போற்றுகிறது. அவர் பெயரைத் தாங்கிய இந்தக் குருவானவரும் சாகக்கிடந்தவர்களின் பாயருகே உட்கார்ந்து ஊழியம் செய்தவர். இவரைப் பற்றி இந்த வாரம் எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அவர் 1651-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21-ந் தேதி, கோவா நாட்டில் பெனவ்லிம் என்னும் ஊரில் தம் தாயாரின் வீட்டில் பிறந்தார். பக்தியுள்ள குடும்பம். 1676-ல் குருப்பட்டம் பெற்றார். குருவானதும் ஏழைகளைப்போல் வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினார் என்று அவருடைய சரித்திரம் சொல்லுகிறது. 1681 முதல் 1684 வரை கன்னட நாட்டுக் கடற்கரையிலே வேதபோதக வேலை செய்தார். பின்பு கோவாவுக்குத் திரும்பி, அங்கே நம் தேசத்துக் குருக்கள் சிலர் அர்ச். பிலிப்பு நேரியாரின் ஒழுங்குப்படி அமைத்துக்கொண்ட சபையில் 1685-ல் சேர்ந்தார்.

நம் தமிழ்நாட்டு மக்களுக்கு நன்கு தெரிந்த அருளானந்த சுவாமியாரும் இவரும் ஒரே காலத்தவர். அருளானந்தர் 1647-ல் பிறந்தவர். நான்கு வயது மூத்தவர். 1693 பிப்ரவரி 4-ந் தேதி ஓரியூரில் அவர் தலை வெட்டுண்டு வேதசாட்சியானபோது, வாஸ் சுவாமியார் கடலுக்கு அப்பால் கண்டியிலே காவலில் இருந்தார். ஒருவர் ஒரே நாளில் உயிரைக் கொடுத்தார். மற்றவர் அதையே கொஞ்சங் கொஞ்சமாக 24 வருஷம் கொடுத்தார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இலங்கைக்கு அவர் ஏன் போனார்? அந்தத் தீவின் கரையோரப் பகுதிகளை ஒல்லாந்தர் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றி, 1658-ல் யாழ்ப்பாணத்தையும் பிடித்துக்கொண்டார்கள். கத்தோலிக்குக் குருக்கள் துரத்தப்பட்டார்கள். குருவுக்கு இடங்கொடுப்பவனுக்குக் கடுந்தண்டனை என்று கட்டளை பிறந்தது. ஏறக்குறைய 30 வருஷமாக அங்கே பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. சாகிறவர்களுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க ஒரு கை இல்லை. பிள்ளைகள் குருவின் முகத்தைக் காணாமலே வளர்ந்து, கலியாணமாகி, முதிர்ந்து கொண்டிருந்தார்கள். இந்தச் செய்தி கேட்ட வாஸ் சுவாமியாருக்குக் கோவாவில் இருப்புக்கொள்ளவில்லை.

1686-ல் ஜான் என்ற ஊழியக்காரனைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். தூத்துக்குடி வந்து சேர்ந்து, அங்கியைக் களைந்து கூலிக்காரன் வேஷம் பூண்டார். தமிழ் கற்றார். 1687-ல் கடல் கடந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார்.

போய்ச் சேர்ந்த விதத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். வேதபோதகர் ஒருவர் புது நாட்டில் கால்வைத்தால் சிலுவையை நாட்டினார், பிரசங்கம் செய்தார் என்றல்லவா நாம் எதிர்பார்ப்போம்? இவரோ பிரயாணத்தின் கஷ்டத்தாலும் பட்டினியாலும் கடும் சீதபேதி கண்டு, எழுந்திருக்கமுடியாதவராய் வந்து விழுந்தார். தொற்று வியாதி என்று ஜனங்கள் பயந்தார்கள். வீட்டில் வைத்துக்கொள்ள யாரும் துணியவில்லை. ஊருக்கு வெளியே காட்டோரத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே ஒரு ஸ்திரீ மனமிரங்கிக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் கஞ்சியாலே அவர் பிழைத்தார்.

அவர் குருவானவர் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கந்தல் உடுத்தின கூலிக்காரன், பேதியால் நாறிக்கிடப்பவன். அவள் கண்டது அவ்வளவுதான். இலங்கைத் திருச்சபை தலைதூக்கியது வாஸ் சுவாமியாராலே என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அந்தக் கஞ்சிக் கலயத்தைப் பற்றி ஒரு வரிக்குமேல் எழுதுகிறவர்கள் குறைவு.

உடம்பு தேறியதும் கழுத்தில் ஜெபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டார். ஜெபமாலையைக் கண்டு யார் முகம் மாறுகிறதோ அவர்கள் நம்மவர்கள் என்று அறிந்துகொண்டார். இரவிலே ரகசியமாகப் பூசை வைத்தார். சில்லாலை என்ற கிராமம் அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. ஒல்லாந்தர் தேடத் தொடங்கவே 1690-ல் புத்தளத்துக்கும், 1692-ல் மலைநாட்டின் தலைநகரான கண்டிக்கும் போனார். அங்கே போர்த்துக்கீசரின் வேவுகாரர் என்று குற்றஞ்சாட்டப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். பிறகு மெல்லமெல்ல அரசனின் சந்தேகம் நீங்கிற்று.

1696-ல் கடும் வறட்சி வந்தது. அவர் வெளியிலே பீடம் அமைத்து ஜெபிக்க, மழை கொட்டியது என்றும், அவரும் பீடமும் மட்டும் நனையவில்லை என்றும் சொல்லப்படுகிறது. வாஸ் சுவாமியார் என்றாலே இந்த மழைப் புதுமைதான் பலருக்கு ஞாபகம் வரும். தருமபுரிச் சீமையில் இருக்கிற நமக்கு மழையின் அருமை தெரியாமலில்லை. ஆனாலும் என் மனது நிற்பது அதற்கு அடுத்த வருஷத்தில்.

1697-ல் கண்டி நகரில் பெரியம்மை பரவியது. இளையவர்களுக்கு இந்த நோயைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். இந்தியாவில் கடைசியாக 1975-ல் கண்டது. உலகத்திலேயே ஒழிந்துவிட்டது என்று 1980-ல் அறிவித்தார்கள். முகமெல்லாம் தழும்பு விழுந்த கிழவர்களை எங்கள் தலைமுறை சின்ன வயதில் பார்த்திருக்கிறது. காய்ச்சல் அனலாய்க் கொதிக்கும். உடம்பு முழுவதும் கொப்புளம் எழும்பிச் சீழ் பிடிக்கும். துணி ஒட்டிக்கொண்டு தோலோடு வருமென்று வாழையிலையில் படுக்கவைப்பார்கள். இமைகள் ஒட்டிக்கொள்ளும். நாற்றம் தாங்கமுடியாது. மருந்து ஒன்றும் கிடையாது.

கண்டியில் என்ன நடந்ததென்றால், அரசனும் பரிவாரமும் நகரத்தைவிட்டு அகன்றார்கள். நோய் கண்டவர்களை ஜனங்கள் காட்டிலே கொண்டுபோய்ப் போட்டார்கள். அல்லது நோயாளியை வீட்டிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் ஓடிப்போனார்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மற்றப் பிள்ளைகளாவது பிழைக்கட்டும் என்று ஒரு பிள்ளையை விட்டுப்போன தாயின் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று சர்வேசுரனுக்குத்தான் தெரியும்.

எல்லாரும் வெளியே ஓடிய அந்த வீடுகளுக்குள் வாஸ் சுவாமியார் நுழைந்தார். அவரும் அவருடைய உறவுக்காரரான யோசேப்பு கர்வாலியோ என்ற இளங்குருவுமாக இரண்டே பேர். காலியான வீடுகளில் நோயாளிகளைச் சேர்த்தார்கள். காட்டிலே கிடந்தவர்களுக்குக் குடிசை போட்டுக் கொடுத்தார்கள். ஆகாரம் சமைத்து எடுத்துப் போனார்கள். புண்ணைக் கழுவினார்கள், அழுக்கை அள்ளிக் கொட்டினார்கள். செத்தவர்களைத் தூக்கிப்போய்த் தங்கள் கையாலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். நோயாளிகளில் பெரும்பாலோர் நம் வேதத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். அந்த வித்தியாசம் அந்த வீடுகளுக்குள் பார்க்கப்படவில்லை. ஞானஸ்நானம் கேட்டவர்களுக்குக் கொடுத்தார். கேட்காதவர்களுக்கும் கஞ்சி கொடுத்தார்.

இத்தனையிலும் அவர் யாரையும் குணமாக்கினார் என்று நான் சொல்லவில்லை. பிழைத்தவர்கள் பிழைத்தார்கள், அநேகர் செத்தார்கள். அவர் வைத்தியர் அல்லர். அவரிடம் இருந்தது தண்ணீர், துணி, கஞ்சி, ஜெபம். சாகிறவன் நாய்போலக் காட்டில் சாகாமல், ஒரு கூரையின்கீழ், ஒரு மனிதன் பக்கத்தில் இருக்கச் செத்தான். அந்த மாதங்களில் அவர் செய்தது அதுதான். யாழ்ப்பாணத்துக் காட்டோரத்தில் தாம் கிடந்த கிடையை அவர் மறந்திருக்கமாட்டார் என்றே நான் எண்ணுகிறேன். கஞ்சி கொண்டுவருகிற காலடிச் சத்தம் கேட்கும்போது கிடக்கிறவனுக்கு எப்படியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

இதன்பின் அரசனின் மனம் முற்றும் இளகியது. தீவின் நாலா பக்கமும் போக அவருக்குத் தடையில்லாமற் போயிற்று. கோவாவிலிருந்து வேறு குருக்களும் வந்தார்கள். அவர்களில் 1705-ல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் தமிழிலும் சிங்களத்திலும் வேத புஸ்தகங்கள் எழுதிப் பேர்பெற்றவர்.

இனி நான் சொல்லவந்த காரணத்தைச் சொல்லுகிறேன்.

சமீப மாதங்களில் மூன்று வீடுகளுக்கு என்னை அவசரமாக அழைத்தீர்கள். இரண்டு வீடுகளில் நான் போனபோது நோயாளிக்கு நினைவு தப்பியிருந்தது. சாமியை அழைத்தால் அப்பா பயந்துவிடுவார், சாவு நெருங்கிவிட்டதென்று நினைத்துக்கொள்வார் என்று பிள்ளைகள் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் அறிவேன். குற்றம் உங்கள் பக்கம் மட்டுமல்ல. முன்பொரு முறை, நான் வேலை செய்த வேறொரு பங்கில், நாளைக் காலையில் போகலாமென்று நானே இருந்துவிட்டேன். காலையில் போனபோது திண்ணையில் பெஞ்சு போட்டிருந்தார்கள். அந்தப் பெஞ்சு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பெரியவர்கள் அவஸ்தைப்பூசுதல் என்று சொல்லிவந்ததை இப்போது நோயில்பூசுதல் என்று சொல்லுகிறோம். பெயரை மாற்றியது வெறும் பேச்சுக்காக இல்லை. கடைசி மூச்சுக்குக் காத்திருக்க வேண்டாம், கடும் வியாதி அல்லது முதுமைத் தளர்ச்சி தொடங்கும்போதே நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி ஜெபிக்கலாம் என்பது இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் தெளிவாக்கப்பட்டது. மறுபடி நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். சாகிறவர்களுக்கென்றே உள்ள தேவதிரவிய அனுமானம் வேறொன்று: அவஸ்தை நன்மை, அதாவது வழியுணவாகிய தேவநற்கருணை. அதை வாங்க நினைவு வேண்டும், விழுங்கவும் முடியவேண்டும். அப்பம் விழுங்கமுடியாதவருக்குத் திரு இரத்தத்தில் ஒரு துளியாவது கொடுக்கலாம். நினைவு போனபின் என்னை அழைத்தால் எண்ணெய் பூசுவேன், ஜெபிப்பேன். நன்மை மட்டும் கொடுக்கமுடியாமல் திரும்புவேன். வருஷக்கணக்காக ஞாயிறுதோறும் நன்மை வாங்கின ஒரு தாய், அதில்லாமல் புறப்பட வேண்டுமா?

பாயில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்ளும் விஷயத்திலும் இரண்டொரு காரியம் சொல்லவேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். இல்லாவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் வரும். சாகுந் தறுவாயில் உடம்பு ஆகாரம் கேட்பதில்லை. கேழ்வரகுக் கஞ்சியை வற்புறுத்தி ஊற்றுவது உபகாரமாகாது. வாஸ் சுவாமியாரின் கஞ்சியைப் புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறானே என்று நினைக்கவேண்டாம். பிழைக்கப்போகிற உடம்பு வேறு, விடைபெறுகிற உடம்பு வேறு. உறவுக்காரர் ஒவ்வொருவராக வந்து வாயில் பால் ஊற்றும் வழக்கம் நம் வீடுகளிலும் இருக்கிறது. அது அன்பினால் செய்வதே. ஆனால் விழுங்கமுடியாதவருக்கு அது மூச்சுக்குழலில் இறங்கித் திணறடிக்கும். ஈரப்பஞ்சால் உதட்டையும் நாக்கையும் நனைத்தால் போதும். செவி கடைசிவரை கேட்கக்கூடும் என்பதால், சொத்துப் பேச்சைத் தலைமாட்டில் பேசாதீர்கள். ஜெபமாலை சொல்லுங்கள். மந்திரித்த மெழுகுதிரியை ஏற்றிவையுங்கள்.

புற்றுநோய்க்காரர் வலியால் துடிக்கும்போது, வலிக்கு மருந்து கொடுப்பது பாவமோ என்று ஒரு அம்மாள் என்னிடம் கேட்டார். பாவமில்லை. வலியைத் தணிக்கும் நோக்கத்தோடு வைத்தியர் அளவாகக் கொடுக்கும் மருந்து, ஆயுசைச் சற்றுக் குறைக்கக்கூடுமானாலும்கூட, வேறு வழியில்லாதபோது ஆகும் என்று 12-ம் பத்திநாதர் பாப்பரசர் 1957-லேயே போதித்திருக்கிறார். உயிரைப் போக்கவேண்டும் என்று கொடுப்பதுதான் ஒருக்காலும் ஆகாது. நம் அண்டை மாவட்டமாகிய கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசாங்கத் திட்டத்தில், படுத்த படுக்கையாய் இருப்பவர்களை வீட்டிலே வந்து பார்க்கும் ஏற்பாடும் சேர்ந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். விசாரிக்காமலே வருந்துகிறவர்கள் நம் பங்கில் சிலர் இருக்கிறார்கள்.

இன்னொன்று. நம் பிள்ளைகள் பெங்களூரிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் வேலையாயிருக்கிறார்கள். கிழவரையோ கிழவியையோ பார்க்கும் பாரம் பெரும்பாலும் ஒரு மருமகளின் தலையில் விழுகிறது. அவள் பகலில் மாட்டையும் அடுப்பையும் பார்க்கிறாள், இரவில் தூங்குவதில்லை. ஒருநாள் அவள் சிடுசிடுத்தால் ஊரே பேசுகிறது. பேசுகிறவர்கள் ஓர் இரவு போய் உட்காரலாமே! கண்டியில் வாஸ் சுவாமியார்கூடத் தனியாய்ச் செய்யவில்லை, இரண்டு பேராய்த்தான் செய்தார். போன வருஷம் நம் கிளைக் கிராமம் ஒன்றில் ஒரு பெரியவர் மூன்று மாதம் படுத்திருந்தார். வாரத்தில் இரண்டு இரவு பக்கத்துவீட்டு அம்மாள் வந்து, மருமகளைத் தூங்கச்சொல்லிவிட்டுத் தான் விழித்திருந்தார். அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவர் அல்லர். நம் அன்பியத்தைச் சேர்ந்த வீடுகள் அதே தெருவில் நாலு இருந்தன.

வாஸ் சுவாமியாரின் சாவைச் சொல்லாமல் இந்தச் சரித்திரம் முடியாது. 24 வருஷம் அந்தத் தீவிலே அலைந்த உடம்பு தேய்ந்துபோயிற்று. கண்டிக்குத் திரும்பிவந்து படுத்தார். இந்த முறை காட்டோரத்தில் இல்லை. உடன்குருக்கள் அருகில் இருந்தார்கள். வாழ்நாளெல்லாம் தள்ளிவைத்த காரியத்தை மரணப்படுக்கையில் செய்வது எளிதல்ல என்று அவர்களுக்குப் புத்தி சொன்னாராம். அவரோ எதையும் தள்ளிவைத்தவரல்லர். கடைசித் தேவதிரவிய அனுமானங்களைப் பெற்றுக்கொண்டு, 1711-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி, 59-ம் வயதில், சேசுவின் திருநாமத்தை உச்சரித்து உயிர்விட்டார். கோவாவுக்கு அவர் திரும்பவேயில்லை. 1995 ஜனவரி 21-ல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2015 ஜனவரி 14-ல் பாப்பரசர் பிரான்சிஸ் அதே நகரின் கடற்கரைத் திடலில் அவரை அர்ச்சியசிஷ்டவராகப் பிரகடனம் செய்தார்.

16-ந் தேதி காலைப் பூசை நம் பங்கிலுள்ள சகல வியாதிக்காரருக்காகவும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்காகவும் ஒப்புக்கொடுக்கப்படும். அன்று பகலில் வீடுவீடாக வந்து நன்மை கொடுப்பேன். படுத்திருப்பவர்கள் உள்ள வீட்டார், பெயரையும் தெருவையும் எழுதி இந்த ஞாயிறு பூசை முடிந்தவுடன் சக்கிறீஸ்தில் உபதேசியாரிடம் கொடுக்கவும். இரவில் துணைக்குப் போய் உட்காரச் சம்மதிக்கிறவர்களும் அதே காகிதத்தில் தங்கள் பெயரை எழுதலாம். இடம் விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் பங்குக் குரு